இருவரும் பார்த்தால்தான்

அன்று லிட்டில் மார்வுட் கிராம மண்டபத்தில் இருந்தவர்கள் ஒன்பது பேர். எட்கர் ஸ்ட்ராட்விக், அவர் மனைவி வினி என்கிற வினிஃப்ரெட், எட்கரின் அக்கா ஹெஸ்டர், பாதிரியார் டில்லட், அவர் மனைவி, தேநீரைப் பார்த்துக்கொண்ட பாஸ்கோ சகோதரிகள் இருவர், மண்டபத்துச் சாவி வைத்திருந்த பேசில், மதுக்கடை ட்ரெவர். மழை நாள், அதனால் அவ்வளவுதான். அறுபது பேர் கூடியிருந்ததாகப் பின்னால் பேசிக்கொண்டார்கள். அந்த மண்டபத்தில் அறுபது நாற்காலியே கிடையாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு, மார்ச் மாதம், சனிக்கிழமை மதியம் மூன்று மணி. தேவாலயக் கூரை ஒழுகியது. அதற்கு நிதி திரட்ட எட்கர் தம்பதியின் ஆப்பிரிக்கப் படக்காட்சி.

எட்கர் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றுப் பதினோரு வருடம். ஒவ்வொரு செப்டம்பரிலும் வினியோடு ஜாம்பியாவுக்கோ போட்ஸ்வானாவுக்கோ போய்விடுவார். மற்ற மாதங்களில் பீன்ஸ் கொடி, தேவாலய மணி, மலர்க் கண்காட்சிக் குழு. பயணத்தில் கண்ட மிருகங்களையும் பறவைகளையும் பச்சை அட்டை நோட்டில் எழுதுவார். அதற்கு ஒரே ஒரு விதி: இருவரும் பார்த்தால்தான் எழுதலாம். அவர் மட்டும் பார்த்தால் அது கணக்கில்லை.

இந்த விதி சும்மா வந்ததில்லை. எட்கரின் அப்பா கென்யாவில் தான் சுட்டதாகச் சொல்லி ஒரு சிங்கத் தோலை வரவேற்பறையில் விரித்து வைத்திருந்தார். அது பிரிஸ்டலில் ஏலத்தில் எடுத்தது என்று தெரிந்த நாளில் இருந்து, அந்த ஊரில் யார் கதை விட்டாலும் அதற்கு 'ஸ்ட்ராட்விக் சிங்கம்' என்றுதான் பெயர். அந்தப் பெயரைத் துடைக்கத்தான் எட்கர் இத்தனை வருடமும் இரண்டு சாட்சி வைத்து எழுதிவந்தார்.

படக்காட்சி எப்போதும் ஒரே முறையில் நடக்கும். எட்கர் பின்னால் நின்று புரொஜெக்டரை இயக்குவார். வினி திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படத்துக்கும் கதை சொல்லுவாள். ஹெஸ்டர் வினிக்கு நேர் பின்னால் உட்காருவாள். அன்று ஸ்லைடு படங்களை வரிசையாகச் செருகிய தட்டைத் தூக்கிவந்த பேசில் அதை வாசலில் கீழே போட்டுவிட்டார். சிதறிய படங்களைக் கைக்கு வந்தபடி செருகினார். யாரிடமும் சொல்லவில்லை.

முதல் படம் தன் இடத்திலேயே இருந்ததால் தப்பித்தது. இரண்டாவதில் ஆற்றில் மூன்று நீர்யானைகள்.

"இதோ பாருங்க," என்றாள் வினி உற்சாகமாக. "சிறுத்தை. மரத்து மேல ஏறி, வாலைத் தொங்கவிட்டுக்கிட்டு எவ்வளவு ஒயிலா படுத்திருக்கு!"

"சிறுத்தை கொஞ்சம் அதிகமா சாப்பிட்டுடுச்சு போல," என்றார் ட்ரெவர். எல்லாரும் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல் வினியும் சிரித்தாள்.

அப்போதுதான் எட்கருக்கு அது கேட்டது. முன் வரிசையில் அக்காவின் குரல், தாழ்ந்து, வேகமாக: "வினி, நீர்யானை. நீர்யானை."

"அட, நீர்யானை! நான் வேடிக்கைக்குச் சொன்னேன்," என்று வினி தொடர்ந்தாள்.

எட்கர் பொத்தானை அழுத்தினார். சதுப்பில் நின்ற பெரிய சாம்பல் நிறப் பறவை, மரக்கட்டைச் செருப்பு போல அலகு. அதற்காக அவர்கள் ஐந்து நாள் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள்.

"வினி, இது என்னன்னு சொல்லு."

ஹெஸ்டர் முன்னால் சாய்ந்தாள்.

"அக்கா, நீ வாயைத் திறக்காதே."

வினி திரைப் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "தெரியல, எட்கர். நடுவுல எல்லாம் புகை மாதிரி இருக்கு. ஓரம் மட்டும்தான் தெரியும்."

"எத்தனை நாளா?"

"நாலு வருஷமா."

"இந்தப் பறவையைப் பாத்தேன்னு சொன்னியே!"

"தெரியுதா, தெரியுதான்னு நீ உயிரை எடுத்தே. கால் மரத்துப்போச்சு. பாத்தேன்னு சொல்லலேன்னா ஆறாம் நாளும் நிக்க வச்சிருப்பே."

பின்னால் ட்ரெவர் முணுமுணுத்தது எல்லாருக்கும் கேட்டது: "ஸ்ட்ராட்விக் சிங்கம்."

எட்கர் விளக்கைப் போடவில்லை. மீதி எழுபத்தெட்டுப் படங்களையும் காட்டினார். முன்பெல்லாம் 'நாங்கள் பார்த்தோம்' என்பார். அன்று ஒவ்வொரு படத்துக்கும் 'நான் பார்த்தேன்' என்று மட்டும் சொன்னார். பாஸ்கோ சகோதரிகள் தேநீர் ஊற்றவும் மறந்துபோனார்கள்.

வீட்டுக்கு வந்ததும், கோட்டைக் கழற்றாமல் சமையலறையில் நின்று கேட்டார். "அக்காகிட்ட சொல்லத் தெரிஞ்சுதே. என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பயணத்தை நிறுத்திடுவே. அவ அடுப்படியில உக்கார வச்சு, படத்தை வரிசையா எனக்கு மனப்பாடம் பண்ணி வச்சா."

"ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பொய்யனாக்கிட்டீங்க."

"யானை வர்றது உனக்கு முன்னாடி எனக்குக் கேட்கும். மழை வர்ற வாசனை, சிங்கம் இரை தின்ற வாடை, எல்லாம் எனக்குத் தெரியும். அதை நோட்டுல எழுதுவியா?"

"பார்த்தாத்தான் எழுதலாம்."

"அதான் சொல்லல."

மறுநாள் காலை அவர் அளவுகோலை வைத்து, நாலு வருடத்துப் பக்கங்களிலும் குறுக்கே கோடு போட்டார். நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். பிறகு அக்கா வீட்டுக்கு நடந்தார்.

ஹெஸ்டர் கதவைப் பாதிதான் திறந்தாள். "உள்ள வாடா, நனையாதே."

"அப்பாவாவது ஊரைத்தான் ஏமாத்தினார், அக்கா. நீ என்னையே ஏமாத்திட்டே."

"உன்னை இல்லடா, உன் நோட்டை. அவளை விட அது பெருசா உனக்கு?"

அவர் மழையில் திரும்பி நடந்தார். அதற்குப் பிறகு அந்த வாசற்படியை அவர் மிதித்ததில்லை. செப்டம்பருக்கு எடுத்து வைத்திருந்த இரண்டு விமான டிக்கெட்டுகளை வினியின் தையல் பெட்டி மேல் வைத்துவிட்டு, தன்னால் வர முடியாது என்றார். அவள் கெஞ்சவில்லை.

அந்தச் செப்டம்பரில், பார்வை மங்கிய மனைவியைத் தனியே விட்டுவிட்டு எட்கர் ஜாம்பியாவுக்குப் போய்விட்டார் என்று ட்ரெவர் கடையில் இன்னும் சொல்கிறார்கள். அது தவறு. போனது வினியும் ஹெஸ்டரும். எட்கர் வீட்டில் இருந்தார். பீன்ஸ் பறித்தார்.