இன்னும் எண் வருகிறது

"பிச்சிப் போட்டுடட்டுமாக்கா?" என்று கேட்டபடியே அறிவழகன், அப்பாவின் புஜத்தில் ஒட்டியிருந்த வெள்ளை வட்டின்மேல் நகத்தை வைத்துவிட்டான். குடத்தோடு நின்ற சத்யப்பிரியா பாய்ந்து அவன் கையைப் பிடித்தாள்.

"தொடாதடா. நம்பர் வந்துக்கினே இருக்கு."

குவார்ட்டர்ஸ் பின்புறம் பெஞ்சில் அப்பாவின் உடலைக் கிடத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த பங்காளிகள் கை ஓய்ந்து நின்றார்கள். அவள் செல்போனை நீட்டினாள். எண்பத்தொன்று; பக்கத்தில் கீழே இறங்கும் அம்பு. சர்க்கரையை ஓயாமல் அளந்து போனுக்கு அனுப்பும் சென்சார் அது. மைன்ஸ் வேலையிலிருந்து வந்து படுத்தவர் இரண்டு முறை சர்க்கரை இறங்கித் தூக்கத்திலேயே மயங்கிப்போனதால், அவள்தான் அடம்பிடித்து அதை மாட்டிவிட்டிருந்தாள்.

"காலையிலயே ஹார்ட் நின்னுபோச்சுன்னு சொல்லிட்டாங்களேக்கா. நீயுந்தான பக்கத்துல இருந்த?"

"இன்னொரு டாக்டரக் கூட்டிக்கினு வா. ஒரே ஒரு தடவ பாக்கட்டும்."

"அது தோலுக்கு அடியில இருக்கிற தண்ணியத்தான அளக்குது. நீதான எங்களுக்கே சொன்ன?"

சொன்னவள் அவள்தான். ஆனாலும், எண் வந்துகொண்டிருக்கும் மனுஷனை எப்படிக் கொண்டுபோய்க் கொளுத்துவது? ஒருவேளை, ஒருவேளை என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. சென்சாரை அப்படியே விட்டு, மிச்சத் தண்ணீரை ஊற்றினார்கள்.

ஹாலில் வாய்க்கரிசித் தட்டு சுற்றி முடிந்தது. வாசலில் வண்டி வந்து நின்றது. எண் எழுபதுக்குக் கீழே இறங்கியதும் சத்யப்பிரியாவின் போன் அலறியது.

ஒப்பாரி பட்டென்று நின்றது. தலைமாட்டில் காலையிலிருந்து அசையாமல் இருந்த அம்மா செவ்வந்தி எழுந்தாள். யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று அடுப்படிக்குள் போனாள். இந்தச் சத்தம் கேட்டால் என்றைக்கும் அப்படித்தான் போவாள். டம்ளரில் கரண்டி உரசுவது ஹால்வரை கேட்டது.

சர்க்கரைத் தண்ணீரோடு வந்து புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, வாய்க்கட்டை அவிழ்க்கக் கையை வைத்தாள்.

"எவ்ளோடி காட்டுது?"

காலையிலிருந்து தான் பிடித்துக்கொண்டிருந்த நம்பிக்கையை அம்மா முகத்தில் பார்க்கச் சத்யப்பிரியாவால் முடியவில்லை.

"தப்பாக் காட்டுதும்மா," என்றாள். "அப்பா இல்லம்மா."

அம்மா டம்ளரைக் கீழே வைக்கவில்லை. சத்யப்பிரியா அலாரத்தை நிறுத்தினாள். விறைத்த கையின் பக்கம் குனிந்து, சென்சாரை ஒட்டியிருந்த பிளாஸ்டரின் ஓரத்தை நகத்தால் நெம்பினாள்.

"மெதுவாடி," என்றாள் அம்மா. "முடி இழுக்கும்."

சத்யப்பிரியா ஒரு விரலால் தோலை அழுத்திக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக உரித்தாள்.