அஞ்சலிகளுக்கு நடுவே ஒரு கேள்வி

சவப்பெட்டியின் மூடியைக் கழற்றிச் சுவரோடு சாத்திவிட்டு நிமிர்ந்தபோது, பரமேஸ்வரனின் சட்டைப் பையில் அவன் மனைவி சுமித்திராவின் போன் மறுபடியும் அதிர்ந்தது. நிறுத்திவிடலாம் என்று வெளியே எடுத்தான்.

வன்னியில் வீடு வீடாகப் போய்த் தாய்மாரையும் பிள்ளைகளையும் பார்க்கும் குடும்பநல மாதர்கள் தங்களுக்குள் சந்தேகம் கேட்டுச் சொல்லிக்கொள்வதற்காக அவள் தொடங்கி நடத்திவந்த வாட்ஸ்அப் குழுதான் அதிர்ந்துகொண்டிருந்தது. முந்தாநாள் வேலைக்குப் போகும் வழியில் மாரடைப்பு வந்து அவள் இறந்ததிலிருந்து, அதில் அஞ்சலிப் படங்களும் கும்பிட்ட கைகளுமே நிறைந்திருந்தன. நடுவில், துணுக்காய்க்குப் புதிதாக வந்த யதுர்ஷிகா எழுதியிருந்தாள்: 'மன்னிக்கவேணும். இப்ப ஒரு வீட்டில நிக்கிறன். தாய்க்குப் பால் கட்டி மார்பு கல்லு மாதிரி இருக்கு. பிள்ளை வாய் வைக்குதில்லை, ஒரே அழுகை. என்ன செய்யலாம்?'

அதற்குக் கீழேயும் கும்பிட்ட கைகள்தான். பதில் இல்லை.

சுமித்திராவும் இப்படியான கேள்விகளுக்கு உடனே பதில் எழுதமாட்டாள். "உமக்குத் தெரியுந்தானே, சொல்லிவிடுமன்" என்று ஒருநாள் சாப்பாட்டுக்குக் காத்திருந்த எரிச்சலில் கேட்டான்.

"நான் சொன்னா, பிறகு எல்லாரும் என்னை மட்டும்தான் கேப்பினம். தெரிஞ்ச ஆள் சொல்லட்டும். சில ஆக்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் வாய் திறப்பினம்."

வெட்டி வேலை என்று அன்று நினைத்தான்.

"தம்பி, கிரியை தொடங்க ஐயர் பாத்துக்கொண்டு நிக்கிறார்" என்றாள் அக்கா இலட்சுமி. "இப்பவும் போனே?"

"வாறன் அக்கா."

சுமித்திரா அடிக்கடி சொல்லும் இரண்டு பெயர்கள்தான் நினைவுக்கு வந்தன. எழுதினான்: 'நான் சுமித்திராவின்ர மனுசன். அஞ்சலியைப் பிறகு போடுங்கோ. யதுர்ஷிகா ஒண்டு கேட்டிருக்கிறா. அனோஜா, சுதர்சினி, உங்களுக்குத் தெரியுமோ?'

பெட்டிக்கு இரு பக்கமும் சீருடையோடு கதிரைகளில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் தங்கள் போன்களைப் பார்த்தார்கள். ஒருத்தி தலை நிமிர்ந்து எதிர்ப்பக்கம் போனோடு இருந்தவளைப் பார்த்தாள்.

"நீங்களோ அனோஜா?"

"ஓம். அப்ப நீங்கள்தான் சுதர்சினி?"

ஒரே குழுவில் இருந்தும், இவ்வளவு காலமும் அவர்கள் ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை.

"முதல்ல கையால கொஞ்சம் பிழிஞ்சுவிடச் சொல்லுவம்" என்றாள் அனோஜா தணிந்த குரலில், போனில் பதிலை எழுதத் தொடங்கியபடி. "மார்பு இளகினாப் பிள்ளை பிடிக்கும்."

"காய்ச்சல் இருக்கோ எண்டும் கேளுங்கோ. இருந்தா ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேணும்."

பரமேஸ்வரன் சட்டையைக் கழற்றிவிட்டு ஐயருக்கு முன்னால் போய் அமர்ந்தான். தர்ப்பைக்கு விரலை நீட்டினான்.

சுதர்சினி தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு பெட்டியைச் சுற்றி அனோஜாவின் பக்கம் வந்தாள். அனோஜா பக்கத்தில் வைத்திருந்த கைப்பையை மடியில் எடுத்து வைத்து இடம் விட்டாள்.