நீலமாக மாறும் தண்ணீர்

தையல்காரியின் முழங்கால் இரண்டும் அவள் பேச்சைக் கேட்பதை நிறுத்தி ஒரு வருஷமாகிறது. மெஷினை மிதித்து மிதித்துத் தேய்ந்துபோனவை. டாக்டர் மாத்திரையை எழுதிவிட்டு, "தினம் தண்ணிக்குள்ள நடங்க. இல்லன்னா மெஷின மறந்துடுங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மெஷினை மறப்பதாவது! சாப்பாட்டை மறக்கச் சொல்லியிருந்தால்கூட யோசித்திருப்பாள்.

நீச்சல் குளத்தில் காலையில் பெண்களுக்குத் தனி நேரம் உண்டு. துணைக்கு என்று நாத்தனாரும் சேர்ந்துகொண்டாள். சேர்ந்தவள் முதல் படியில் நின்றபடியே வாயைத் திறந்தாள்.

"அண்ணி, ஒரு விஷயம் தெரியுமா? இந்தத் தண்ணில ஏதோ மருந்து கலந்திருக்காங்களாம். யாராவது உள்ள ஒண்ணுக்குப் போனா, சுத்தி அப்படியே நீலமா மாறிடுமாம். என் சிநேகிதியோட ஓரகத்திக்கு ஆயிருக்கு. பாவம், அப்புறம் வெளிய தலைகாட்டவே இல்ல."

மறுவாரம் நாத்தனார் சொன்னபோது அதே சங்கதி யாரோ ஒரு பல் டாக்டரின் மச்சினிக்கு நடந்திருந்தது. ஆள் மாறினாலும் நீலம் மாறவில்லை. தையல்காரி இறங்க வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு அவளுக்கு ஒரு தொல்லை. பலமாகத் தும்மினாலோ சிரித்தாலோ நாலு சொட்டு கசிந்துவிடும். கட்டியவனிடம்கூடச் சொன்னதில்லை. நாத்தனாரிடம் சொல்வதும் தெருவில் தண்டோரா போடுவதும் ஒன்றுதான்.

ஆகவே தினமும் வந்து கணுக்காலை மட்டும் நனைத்துவிட்டுப் போனாள். இன்று சளி, நாளை தலைவலி என்று சாக்குக்குப் பஞ்சமில்லை. முழங்காலிடம்தான் எந்தச் சாக்கும் பலிக்கவில்லை. ஒரு நாள் பாவாடை ஒன்றைப் பாதி தைத்திருக்கையில் மிதிக்கவே முடியாமல் அழுதுவிட்டாள்.

அழுது முடித்து மூக்கைச் சிந்தும்போது யோசனை உதித்தது. தண்ணீர் நீலமானால் ஆகட்டும். உடையும் நீலமாக இருந்துவிட்டால் எவள் கண்டுபிடிக்கப் போகிறாள்? மிச்சத் துணிகளைக் கிளறினாள். நல்ல கருநீலமாகப் பார்த்து எடுத்து, வீட்டில் யாருக்கும் தெரியாமல், கழுத்திலிருந்து முட்டிவரை ஒரு நீச்சல் உடையைக் கையூசியாலேயே ஒரே மூச்சில் தைத்தாள். மறுநாளே போட்டுக்கொண்டு வந்து தண்ணீருக்குள் இறங்கியும் விட்டாள்.

மார்பளவு தண்ணீர். ஆகா, உடம்பே தன்னுடையது இல்லை என்பதுபோல் என்ன லேசு! "பரவாயில்லையே அண்ணி!" என்று படியிலிருந்து நாத்தனார் கத்த, அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே குனிந்து பார்த்தாள்.

சுற்றிலும் நீலம்.

உயிரே போய்விட்டது. விலகி நடந்தாள், நீலமும் கூடவே வந்தது. கைகளை வீசி, தண்ணீரைத் தள்ளி, விழுந்தடித்து ஓடி எதிர்ச் சுவரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். "ஐயோ அண்ணி, நீலம்!" என்ற அலறல் குளம் முழுக்கக் கேட்டது.

நீச்சல் டீச்சர் குதித்து வந்தாள். சின்னப் பெண்தான். தையல்காரியின் கைநுனித் துணியைப் பிழிந்து பார்த்தாள். விரலிடுக்கில் நீலம் வழிந்தது.

"அக்கா, துணி சாயம் போகுது. ஊறவைக்காமலா தைச்சீங்க?"

தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் துணியை ஊறவைத்துக் கொண்டுவரச் சொல்லித் தொண்டை வற்றியவள் தையல்காரி.

"அப்போ... மருந்து?"

"எந்த மருந்து? அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. குழந்தைங்கள மிரட்ட யாரோ கட்டிவிட்ட கதை."

தையல்காரிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இத்தனை வருஷம் அடக்கி வைத்ததை டீச்சரிடம் கொட்டிவிட்டாள்.

"இதுக்கா அக்கா பயந்தீங்க? நிறைய பேருக்கு இருக்கு. அதுக்கும் பயிற்சி உண்டு, நான் சொல்லித் தரேன். முதல்ல போய் உடைய மாத்துங்க. மேனேஜர் பாத்தா என்னைத் தொலைச்சிடுவார்."

கரையோரமாகச் சுற்றி வந்திருந்த நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அதிசயமாக அவள் குரல் தாழ்ந்திருந்தது. "எனக்கும் அதே தொல்லைதான் அண்ணி. அதான் நான் படிய விட்டு இறங்கினதே இல்ல."

தையல்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு திரும்பி, தான் வந்த வழியைப் பார்த்தாள். அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைவரை, குளத்தின் முழு அகலத்துக்கும், நீலம் மெலிதாகக் கோடு போட்டிருந்தது. அவ்வளவு தூரமும் ஓடியிருக்கிறாள். முழங்கால் ஒரு வார்த்தை பேசவில்லை.

கையை மேலே நீட்டினாள். "எறங்கு. உனக்கும் ஒண்ணு தைச்சுத் தரேன். இந்தத் தடவ ஊறவச்சு."