எனக்கு மட்டும் இடிக்காத உரல்

கோடை கொதிக்கும் ஜனவரி மாதம் மதியம் இரண்டு மணிக்கு அசுன்சியோன் நகரத் தெருவில் நடக்கிறவன் ஒன்று பைத்தியமாக இருக்க வேண்டும், இல்லை நிக்கானோராக இருக்க வேண்டும் என்பாள் என் மனைவி செஃபெரினா. நிக்கானோர் நான்தான்.

முப்பது வருஷமாக பஸ் ஓட்டுகிறேன். போன ஜூனில் ரத்த அழுத்தம் நூற்றெண்பதைத் தொட்டது. பிப்ரவரியில் உரிமம் புதுப்பிக்கும் மருத்துவச் சோதனைக்குள் இறங்கவில்லை என்றால் ஸ்டீயரிங்கை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். எனக்கு வேறு தொழில் தெரியாது. மாத்திரை போட்டேன், உப்பைக் குறைத்தேன், நடக்க ஆரம்பித்தேன். காலை ஷிஃப்ட் ஒரு மணிக்கு முடியும், இரண்டு மணிக்கு நடை. வீட்டிலிருந்து சந்தை மூலை வரை மூன்று தடவை போய் வருவேன். பூமியின் தென்பாதியில் இருக்கும் எங்கள் ஊருக்கு ஜூன், ஜூலைதான் குளிர்காலம், அப்போது அந்த நேரத்து வெயில் முதுகுக்கு இதமாக இருந்தது.

டிசம்பரில் வெயில் நாற்பதைத் தொட்டது. நான் நேரத்தை மாற்றவில்லை. பழக்கத்தில் கை வைத்தால் அழுத்தம் மறுபடி ஏறிவிடுமோ என்று பயம். மாற்றியது ஒன்றே ஒன்று, தெரெரேயைக் கூட்டினேன். மாத்தே என்ற தேயிலை மாதிரியான இலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றி உறிஞ்சினால் தாகம் போகும், அந்தத் தண்ணீரில் மூலிகை இடித்துப் போட்டால் உடம்பும் சுத்தமாகும். எங்கள் ஊரில் பால்குடி மறந்த நாளிலிருந்து இதைச் சந்தேகப்பட்டவன் கிடையாது.

இடித்துத் தருகிறவள் சந்தை மூலையில் மூலிகை விற்கும் எவுஸ்தாசியா அக்கா. விடியற்காலையில் மூட்டைகளோடு என் பஸ்ஸில்தான் வருவாள். மதியம் நான் நடக்கும்போது என் குடுவையை நிரப்பித் தருவாள்.

"குதிரைவால் புல்லைக் கொஞ்சம் தூக்கலா போடுங்கக்கா. ஒடம்புல இருக்குற நீரெல்லாம் எறங்கணும்" என்பேன். அவளும் போடுவாள்.

ஜனவரியில் தலை சுற்ற ஆரம்பித்தது. ஒருநாள் சிவப்பு விளக்கில் நின்றபோது ரோடே ஆடியது. யாரிடமும் சொல்லவில்லை, செஃபெரினாவிடம்கூட. சொன்னால் உரிமம் போய்விடும். இன்னும் கொஞ்சம் குதிரைவால் சேர்க்கச் சொன்னேன், அவ்வளவுதான். என் மூளையை நானே மெச்சிக்கொள்ள வேண்டும்.

கடைசியில் ஒரு மதியம், மூன்றாவது சுற்றில், அக்காவின் கடை முன்னாலேயே கால் மடங்கியது. கண்ணைத் திறந்தபோது நெற்றியில் ஈரத்துணி, எதிரே அக்கா.

"யோவ், தூங்குற நேரத்துல தெருவுல திரியறது நீயும் யாசி யாத்தெரே பூதமும்தான். அதுக்காவது புள்ள புடிக்கிற வேலை இருக்கு. ஒனக்கென்ன கேடு?"

"ஒண்ணுமில்லக்கா. வெயில்."

"என்ன மாத்திரை போடுற நீ?"

"பிரஷருக்கு. உப்பையும் தண்ணியையும் மூத்திரத்துல வெளியேத்துமாம்."

அவள் கையிலிருந்த உலக்கை அப்படியே நின்றது.

"அடப்பாவி, குதிரைவாலும் அதைத்தானய்யா பண்ணும்! ரெண்டும் சேந்து ஒன்னைப் புழிஞ்சு காயப்போட்டிருக்கு. ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

"ஆமா. கேக்கல. அது என் தப்புதான்." நெற்றித் துணியை மறுபடி நனைத்துப் போட்டாள். "இனிமே ஒனக்கு இடிக்க மாட்டேன். எந்திரி, டாக்டர்கிட்ட போவோம்."

"வேணாங்க்கா. எழுதிட்டாங்கன்னா உரிமம் போயிரும்."

"காலைல அந்த பஸ்ல ஏறுறவ நான்தான? நீ மயங்கி பஸ் ஆத்துல விழுந்தா மூட்டையோட நான் மெதக்கணுமா?"

கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு, குடையைப் பிடித்து, என் கையை விடாமல் சுகாதார நிலையம் வரை கூட்டிப்போனாள்.

டாக்டரம்மா பிரஷர் பார்க்கும் பட்டையை என் கையில் இரண்டு தடவை சுற்றிப் பார்த்தார். தொண்ணூறுக்கும் கீழே. குதிரைவால் கதையை அக்காவே சொன்னாள்.

"நடந்து நடந்தே நல்லா எறக்கிட்டீங்க" என்றார். "இப்ப மாத்திரைதான் அதிகம். குளிர்காலத்து அளவையே வெயில்லயும் போட்டா எப்படி? முன்னாடியே வந்திருக்கலாமே."

ஏழு மாதமாக நடந்த நடை வீண் இல்லை. அதைக் கேட்டு அங்கேயே அழுதுவிட்டேன், வெட்கமாகத்தான் இருந்தது. மாத்திரையைப் பாதியாக்கினார். ஒரு வாரம் பஸ்ஸைத் தொடக் கூடாது, பிறகு வந்து காட்ட வேண்டும் என்றார். நடை பொழுது சாய்ந்த பிறகு, பாதி தூரம். ரொம்பக் கொதிக்கிற நாளில் வீட்டிலேயே மின்விசிறிக்கு அடியில் கைகால் நீட்டி மடக்கினால் போதும். மதியம் தூக்கம். குடிக்க வெறும் தண்ணீர். எல்லாருக்கும் தெரிந்த இந்தச் சின்ன விஷயங்களுக்கு நான் செத்துப் பிழைக்க வேண்டியிருந்தது.

பிப்ரவரி சோதனையில் நூற்றிருபத்தாறு. உரிமத்தில் முத்திரை விழுந்தது.

மறுநாள் விடியலில் அக்கா மூட்டைகளோடு பஸ்ஸில் ஏறினாள். முத்திரையைக் காட்டினேன். அவள் ஒரு குடுவையை என் மடியில் வைத்தாள்.

"என்னக்கா, இடிச்சீங்களா?"

"ஒனக்கா? வெறும் தண்ணி. ஐஸ் மட்டும் போட்டிருக்கேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். மூலிகை விற்றே மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவள் அவள். அவள் கையால் வெறும் தண்ணீர் வாங்கிக் குடித்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான். ஒரு மடக்கு குடித்தேன்.

"நீங்க நல்லா இருக்கணும்க்கா. என் உசிரு உங்க புண்ணியம்."

"சரி சரி, ரோட்டைப் பாத்து ஓட்டு" என்று மூட்டையை இழுத்துக்கொண்டு என் பின்னிருக்கையில் உட்கார்ந்தாள்.