முடிவைச் சொல்லப் போகிறேன்

புருஷனுக்குக் கோபம் வரவேண்டும் என்பதற்காகவே ஃபர்ஸானா அந்தப் படத்துக்குப் போனாள்.

புருஷன் காலித், குர்லாவில் லேத் பட்டறை வேலைக்காரன். வடாலா பக்கம் மழையில் பைக் சறுக்கித் தலையில் அடிபட்டு, ஒன்பது நாளாக ஐ.சி.யூ.வில் கிடக்கிறான். ஆபரேஷன் முடிந்தது, மயக்க மருந்தையும் நிறுத்தியாயிற்று. கண்தான் திறக்கவில்லை. "அவருக்குப் பிடிச்சதைப் பேசிப் பாருங்க" என்றார் டாக்டர். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் ஃபைலைப் பார்த்தே சொன்னார்.

பிடித்ததையெல்லாம் பேசியாயிற்று. மீன் ஆணம் சமைப்பதைப் பற்றிப் பேசினாள், புதுப் பைக்கைப் பற்றிப் பேசினாள், யாசீன் ஓதினாள். ஒரு விரல் அசையவில்லை. எட்டாம் நாள் கேண்டீன் வாசலில் நின்று டீயை ஆறவிட்டுக்கொண்டிருந்தபோதுதான், அவனுக்குப் பிடிக்காதது ஒன்று உண்டே என்று ஞாபகம் வந்தது.

பார்க்காத படத்தின் முடிவை யாரும் சொல்லக் கூடாது. மற்றபடி காலித் சாது. டைனோசர் படத்தின் இரண்டாம் பாகம் வந்த சமயம், பட்டறைக் கூட்டாளி வாசிம் டீக்கடையில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் முடிவை உளறிவிட்டான். பதினோரு நாள் காலித் அவனோடு பேசவில்லை. இன்னொரு நாள் இவன் மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருக்க, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாசலில் படக்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். கண்ணைத் திறக்காமலே, "ஏல, முடிவச் சொன்னீயளோ, கொன்னுருவேன்" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைத்தான் ஃபர்ஸானா இப்போது நம்பியிருந்தாள்.

மூன்றாம் பாகத்துக்கு இரண்டு டிக்கெட்டை அடிபடுவதற்கு முன்பே அவனே போட்டு வைத்திருந்தான். ஞாயிறு பகல் காட்சி.

"அண்ணன் இப்பிடிக் கெடக்கான், ஒங்களுக்குப் படம் கேக்குதா மைனி?" என்றாள் நாத்தனார் சஃபீனா. "முடிவுதான வேணும்? மொபைல்ல தேடுனா வந்துறாதா?"

"பாக்காம சொன்னா நம்ப மாட்டாக புள்ள. நீ பாத்தியாடீன்னு கேப்பாக. பாத்துட்டுச் சொன்னாத்தான் கோவம் வரும்."

 மைனிக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று சஃபீனா நினைத்திருப்பாள். நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

பக்கத்து சீட்டில் கைப்பையை வைத்துக்கொண்டு ஃபர்ஸானா உட்கார்ந்தாள். படம் மட்டம். அதே தீவு, அதே வேலி, போன தடவை அறுந்த அதே மின்கம்பி இந்தத் தடவையும் அறுந்தது. இரண்டு பாகம் பட்டும் புத்தி வராத விஞ்ஞானி மறுபடியும் முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். காலித் முன்பே சொல்லியிருந்தான்: "மூணாவது டப்பாவாத்தான் இருக்கும். இருக்கட்டுமே, பல்லி பெருசா இருந்தாப் பைசா வசூல்." அவள் கதையை மனப்பாடம் செய்துகொண்டே பார்த்தாள், பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி.

பாதிப் படத்துக்கு மேல், கப்பலின் சமையல்கட்டில் தடியன் ஒருவன் மேசைக்கு அடியில் ஒளிந்தான். மாவு மூட்டை கிழிந்து அவன் மேல் கொட்டியது. ஜன்னலில் ஒரு பெரிய கண் வந்து நின்றது. தடியனுக்குத் தும்மல் வந்தது. அடக்கினான், மூக்கைப் பிடித்தான், கடைசியில் தும்மியேவிட்டான். தியேட்டரே அலறியது. ஃபர்ஸானாவும் காலைச் சீட்டுக்கு மேலே இழுத்துக்கொண்டு அலறினாள், அலறிவிட்டுச் சிரித்தாள், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்தபடியே பக்கத்தில் அவன் கையைப் பிடித்தாள். கைப்பை கையில் வந்தது.

ஒன்பது நாளில் முதல்முறையாக அவனை மறந்திருந்தாள். தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. எழுந்து ஓடிவிடலாம்தான், ஆனால் முடிவு வேண்டுமே. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கடைசிவரை இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் நாலு மணிக்குப் பத்து நிமிஷம் உள்ளே விடுவார்கள். கட்டுப் போடாத காதருகே குனிந்தாள்.

"மச்சான், நான் படம் பாத்துட்டேன். ஒங்கள விட்டுட்டு. டப்பாப் படம். ஆனாலும் ஒரு பத்து நிமிசம் ஒங்கள மறந்து சிரிச்சேன். வைய மாட்டியளா?"

மிஷின் சத்தம் மட்டும் வந்தது. கதையை முதலிலிருந்து சொன்னாள். வேலி, முட்டை, தும்மல். சொல்லச் சொல்ல அவன் இமையையே பார்த்தாள்.

"முடிவச் சொல்லப் போறேன். சொல்லட்டா?"

"டைம் ஹோ கயா" என்று நேரம் முடிந்ததைச் சொன்னாள் நர்ஸ்.

"சொல்லிருவேன் மச்சான். நிப்பாட்டச் சொல்லுங்க. ஏதாச்சும் சொல்லுங்க."

இனி அவளிடம் வேறொன்றும் மிச்சமில்லை. 

"கடைசில அந்தப் பெரிய பல்லி செத்துருது."

காலித்துக்குக் கோபம் வரவில்லை. நெற்றி சுருங்கவில்லை. விரல் கிடந்தபடி கிடந்தது.

அவள் சட்டென்று உள்ளங்கையால் அவன் காதைப் பொத்தினாள்.

"பொய் மச்சான், பொய் சொன்னேன். பெருசு சாவல. அது முடிவே இல்ல. நெசமான முடிவ நான் சொல்லவே மாட்டேன். எந்திச்சு வாங்க, சேந்து பாப்போம்."

அந்தக் கையை நர்ஸ் வந்துதான் எடுத்துவிட வேண்டியிருந்தது.