பாலத்தில் முட்டி நின்ற படை

1

இந்தக் கதையை எழுதும் காரணத்தை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: பெருமை. இதில் வரும் ஷாமளா என் மனைவி. என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

முதலில் எழுதிய தொடக்கம்: "செனாயில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு..." (வேண்டாம். அன்று மழையே இல்லை.)

2

சிங்கப்பூருக்குப் பக்கத்து ஊரான செனாயில் ஒரு சிறிய நிறுவனத்தில் ஷாமளா போர் விளையாட்டு ஒன்றுக்கு நிரல் எழுதுகிறாள். கணினியின் படையை நடத்துவது அவள் பொறுப்பு. வரைபடத்தில் ஓர் ஆறு, ஒரு பாலம், வடக்கே தொலைவில் ஆழமில்லாத ஒரு துறை. (ஷாமளா அதை "எறங்கி நடக்குற எடம்" என்பாள். எனக்குத் துறை என்ற சொல் பிடிக்கும்.) ஒவ்வொரு வீரனும் தனக்குக் குறுகிய வழியைத் தேடுவான், எல்லோருக்கும் அது பாலம்தான். முன்னேறுகிறவர்களும் பின்வாங்குகிறவர்களும் நடுவில் முட்டிக்கொண்டு, நாற்பது பேரும் அப்படியே நிற்பார்கள். விளையாட்டைச் சோதித்துப் பார்க்கும் மாஹிர் நிதானமாக அம்பு விட்டே எல்லோரையும் தீர்த்துவிடுவான்.

"வெள்ளிக்கிழம சிங்கப்பூர்லேருந்து பணம் போடுறவங்க பார்க்க வர்றாங்க," என்றார் முதலாளி கஸ்தூரி. "கம்ப்யூட்டர் ஆளுங்கள மட்டும் ஒருத்தருக்குள்ள ஒருத்தர் பூந்து போக விட்டுரு லா. யாரு கவனிக்கப் போறா?"

"ஆடுறவங்க கவனிப்பாங்க, அக்கா. அவங்களால முடியாதத கம்ப்யூட்டர் செஞ்சா அது ஏமாத்து."

"சரி, வியாழக்கிழம வரைக்கும் டைம். இல்லேன்னா நான் சொன்னதுதான்."

(கஸ்தூரியை வில்லியாக்கப் பார்த்தேன். ஷாமளா படித்துவிட்டு அந்தப் பத்தியையே அடித்துவிட்டாள். "ஆறு பேரு வேல அவங்க கையில. பயப்பட மாட்டாங்களா?")

3

அவள் செய்தது இதுதான். எந்த நொடியில் எந்தக் கட்டத்தில் கால் வைப்பேன் என்று ஒவ்வொரு வீரனும் முன்கூட்டியே பதிந்து வைப்பான். அடுத்தவன் அதைப் பார்த்து ஒதுங்குவான். கூட்டம் சேரச் சேர அந்த வழி நீளமான வழியாகக் கணக்காகும். சொல்வதற்கு இரண்டு வரி. புதன்கிழமை மாலை மொத்தப் படையும் ஒருவருக்கொருவர் ஒதுங்கி ஒதுங்கி ஆற்றங்கரையிலேயே வட்டமடித்தது. ஷாமளா அழுதாள். நான் அவளுக்கு ஆறுதலாக... (இல்லை. "பேசாம இருங்க" என்றாள். இருந்தேன்.)

4

வியாழன். இரவெல்லாம் உட்கார்ந்து அந்த வட்டத்தைச் சரிசெய்திருந்தாள். மாஹிர் பாலத்தைத் தன் ஆட்களால் அடைத்தான். கணினியின் படை தயங்கியது. பிறகு முன்வரிசை பாலத்திலேயே நின்று சண்டையிட, பின்வரிசை திரும்பி வடக்கே நடந்தது. இருபது பேர் துறையைக் கடந்து அவன் கோட்டைக்குப் பின்னால் வந்து சேர்ந்தார்கள்.

"அலமாக்! இதுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?" என்று வியந்தான் மாஹிர்.

"யாரும் சொல்லல," என்றாள் ஷாமளா. "வழியில கூட்டம். அதான் சுத்திப் போனாங்க."

கஸ்தூரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இன்னொரு தடவ ஆடு, மாஹிர். நான் முழுசா பார்க்கணும்."

5

வெள்ளிக்கிழமைக்கு இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் சிங்கப்பூர்க்காரர்கள் கைதட்டினார்கள். மற்றதில் கடிகாரத்தைப் பார்த்தார்கள். எது நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. வெள்ளிக்கிழமையை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். வியாழக்கிழமையை மட்டும் தொடாதீர்கள், அது அவளுடையது.