கவிழ்த்து வைத்த படகின் தேதி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்து உண்டாக்கவில்லை. ஒரு விண்ணப்பப் படிவத்தின் எட்டாவது கட்டத்தில் கிடந்தது, பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இருபத்தெட்டு வருஷம் பதிவு அலுவலகத்தின் தரைத்தளத்தில், மூன்றாம் ஜன்னலில் உட்கார்ந்திருந்தவன் நான். முதல் ஜன்னல் வணிகச் சின்னங்களுக்கு. இரண்டாவது, நாற்காலி, விளக்கு, பாத்திரம் போன்றவற்றின் வடிவங்களுக்கு. என்னுடையது படகு உடல் வடிவங்களுக்கு. சிரிக்காதீர்கள், அப்படியும் ஒரு ஜன்னல் இருந்தது. மோட்டார், இருக்கை, கூரை எல்லாவற்றையும் கழற்றிய பிறகு மிச்சம் நிற்கும் கூடு இருக்கிறதே, அதுதான் படகின் உடல். அதன் வளைவை ஒருவர் சொந்தமாக யோசித்துச் செய்திருந்தால், வரைபடத்தோடு வந்து பதிந்துகொள்ளலாம். பத்து வருஷத்துக்கு வேறு யாரும் அதைப் பார்த்து அடிக்க முடியாது.

வாரத்துக்கு இரண்டு பேர் வந்தால் அதிகம். மற்ற நேரமெல்லாம் பக்கத்து ஜன்னல்காரரோடு ஊர்க்கதை பேசியே என் உத்தியோகம் ஓடியது. கைபட்டுக் கைபட்டு வழவழவென்று ஆகிவிட்ட அந்த மரச்சட்டம், தபால்தலை ஒட்டும் ஈரப்பஞ்சு, சுற்றினாலும் காற்று வராத மின்விசிறி, இதையெல்லாம் இப்போது நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். அப்போதோ, எப்படா மணி ஐந்தாகும் என்றிருந்தது.

[“ஆபீஸ் புராணம் போதும், கதைக்கு வாங்க” என்கிறாள் வீட்டுக்காரி. என் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்த ஒரே ஜீவன் அவள்தான். அதனால் அவள் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.]

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘கடல் அன்று கொந்தளித்துக்கொண்டிருந்தது. ஸ்கேலம்மா கரையில் நின்று வெகுநேரம் —’

அடித்துவிட்டேன். அவர் கடலைப் பார்த்து நின்றதை நான் கண்டேனா என்ன? ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றதைத்தான் கண்டேன்.

இரண்டாம் முயற்சி: ‘கணவனை இழந்த ஒரு பெண் —’

இதை அடித்தவள் வீட்டுக்காரி. “வந்ததும் வராததுமா அந்தம்மாவுக்கு இதுதான் அடையாளமா? என்ன வேலை பாத்தாங்கன்னு எழுதுங்க மொதல்ல.”

நியாயம்தானே. ஸ்கேலம்மா படகு வரைகிறவர். எஃகு ஸ்கேல் ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டே நடமாடுவதால் பட்டறையில் வைத்த பெயர் அது. அவர் வரைவார், கணவர் மரத்தில் கட்டுவார், கணவரின் தம்பி அதிலிருந்து அச்சு எடுத்து ஃபைபரில் வார்ப்பார். மூன்றே பேர் கொண்ட பட்டறை.

படகின் வளைவைக் காகிதத்தில் போட்டால் மட்டும் போதாது. நிஜ அளவில் தரையில் ஒருமுறை வரைந்து பார்க்க வேண்டும். பட்டறைத் தரை முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. ஆகவே கட்டில், அலமாரி, தையல் மெஷின் எல்லாவற்றையும் சமையலறைக்குள் திணித்துவிட்டு, வீட்டுக் கூடத்தில் பதினாறு அடிக்குச் சாக்கட்டியால் கோடு போட்டார்கள். மெல்லிய மரப்பட்டை ஒன்றைக் கோட்டின் மேல் வளைத்து வைத்து, அது நழுவாமல் இருக்க இஸ்திரிப் பெட்டி, அம்மிக்குழவி, தண்ணீர்க் குடம் என்று அகப்பட்டதையெல்லாம் பாரம் வைப்பார்கள். பிறகு ஒரு முனையில் அவரும் மறுமுனையில் கணவரும் குப்புறப் படுத்து, ஒற்றைக் கண்ணால் வளைவைப் பார்ப்பார்கள்.

“வயிறு கொஞ்சம் தள்ளுது” என்பாராம் ஸ்கேலம்மா.

“யாருக்கு? எனக்கா, படகுக்கா?”

“ரெண்டு பேருக்கும்தான். படகுக்கு மட்டும் இப்போ குறைக்கலாம்.”

பதினோரு வாரம் அவர்கள் கோடுகளைத் தாண்டித் தாண்டியே புழங்கினார்கள். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களை வாசலோடு பேசி அனுப்பினார்கள். மாமியார் வீட்டு மனுஷர்கள் கோபித்துக்கொண்டது இன்னொரு கதை.

(அடிக்குறிப்பு: பதினோரு வாரம் என்று அவர் சொல்லவில்லை. ‘ரொம்ப நாள்’ என்றார். கதையில் அது எடுபடாதே என்று நானாக ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டேன். பார்த்தீர்களா, எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது!)

3

துறைமுகத்தை ஒட்டிய திடலில் படகுக் கண்காட்சி. அவரவர் படகை நிமிர்த்தி வைத்து, மெத்தை போட்டு, கொடி கட்டியிருந்தார்கள். ஸ்கேலம்மாவின் கணவர் மட்டும் இரண்டு இடுப்புயர மர முக்காலிகளின் மேல் படகைக் கவிழ்த்து வைத்தார். பக்கத்தில் ‘விற்பனைக்கு’ என்று ஓர் அட்டை.

தம்பி தலையில் அடித்துக்கொண்டார். “அண்ணே, எவனாவது படகைக் கவுத்து வெச்சு விப்பானா?”

“மெத்தையப் பாக்கவா வர்றாங்க? உங்கண்ணி போட்ட கோடு அடியிலதானே இருக்கு. பாக்கட்டும்.”

பதினொரு மணிக்குச் சடசடவென்று மழை. திடலில் ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது. எட்டு ஒன்பது பேர் அந்தப் படகுக்கு அடியில் புகுந்துகொண்டார்கள். எல்லாரும் குனிந்து, தோளோடு தோள் இடிக்க. முன்பின் தெரியாதவர்கள்.

“ஒரு சொட்டு ஒழுகலையே!” என்றார் ஒருவர்.

“ஒழுகினா அப்புறம் அதுக்குப் பேரு படகா?” என்று கணவர் சிரித்த சிரிப்பு பக்கத்தில் நின்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. அந்தக் கூட்டத்தில் பெரிய பட்டறை முதலாளி ஒருவரும் இருந்தார். மழையிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத மனுஷர். கூலிங்கிளாஸ் என்றே வைத்துக்கொள்வோம். அவர் மட்டும் சிரிக்காமல், உள்வளைவை உள்ளங்கையால் தடவிக்கொண்டே நின்றார்.

“யாரு வரைஞ்சது?”

“இதோ, இவங்கதான்” என்று கணவர் மனைவியின் தோளில் கை வைத்தார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவர் அப்படிக் கை வைத்தது அன்றைக்குத்தான். தம்பி மழையில் நின்றபடி ஒரு புகைப்படம் எடுத்தார். ஓரத்தில் தேதி விழுகிற கேமரா.

[இந்த மழை நான் பெய்ய வைத்தது என்று சந்தேகப்படாதீர்கள். ஸ்கேலம்மாவே சொன்னது. சொல்லும்போது என் ஜன்னல் சட்டத்தை அவர் கை தடவிக்கொண்டிருந்தது.]

இரண்டு மாதத்தில் அந்தப் படகு விலைபோனது. நாலாவது மாதம் கணவர் —

இந்த இடத்தில் நான்கு பத்தி எழுதிக் கிழித்தேன். பட்டறையில் இழைத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஸ்கேலம்மா வரைபடங்களைச் சுருட்டி அலமாரி மேல் போட்டுவிட்டு, ஒன்றரை வருஷம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. பிறகு ஒருநாள் படகுத் துறையில் பார்க்கிறார்: அதே வளைவு, அதே வயிறு, பச்சை பெயிண்ட், கூலிங்கிளாஸின் பட்டறைப் பெயர். அதுவும் ஒன்றா, வரிசையாக ஆறு. வரைபடங்களை இறக்கிக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தார், கதையைச் சொன்னார், படிவம் வாங்கிப் போனார்.

4

இரண்டாம் முறை அவர் என் ஜன்னலுக்கு வந்தபோது கொழுந்தனும் கூட வந்தார். எட்டாவது கட்டத்தைக் காட்டினார்கள். ‘இவ்வடிவம் பொதுமக்கள் பார்வைக்கோ விற்பனைக்கோ முதன்முதலாக வைக்கப்பட்ட நாள்.’ அந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். தாண்டிவிட்டால் அந்த வடிவம் ஊர்ப்பொது. யார் வேண்டுமானாலும் வார்த்துக்கொள்ளலாம்.

“கண்காட்சில வெச்சா அதுவும் கணக்காங்க?”

“கணக்குதாம்மா.”

“கவுத்து வெச்சிருந்தா?”

நான் சிரித்துவிட்டேன். இன்றைக்கும் அதற்காக என்னை நானே திட்டிக்கொள்கிறேன். “நிமிர்த்தி வெச்சிருந்தாலாவது அடிப்பக்கத்தை யாரும் பாக்கலைன்னு வாதாடலாம். கவுத்து வெச்சா முழுசையும் காட்டின மாதிரிதானேம்மா” என்றேன்.

விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்கள். இரண்டு வருஷமும் பத்தொன்பது நாளும் ஆகியிருந்தது.

ஜன்னலுக்கு எதிரே ஒரு பெஞ்சு உண்டு. அங்கே பேசினால் எனக்குக் கேட்காது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள்.

“அண்ணி, முதல் படகு வித்த தேதியப் போடுங்க. ரெண்டு வருஷத்துக்குள்ள வந்துடும்.”

“கண்காட்சி?”

“எந்தக் கண்காட்சி?”

“தம்பி…”

“மழைக்கு ஒதுங்கினவன் எவன் ஞாபகம் வெச்சிருக்கப் போறான்? தெரிஞ்ச ஒரே ஆளு அந்தக் கூலிங்கிளாஸ். அவன்தான் ‘இது என் சொந்த வடிவம்’னு நோட்டீஸ் அடிச்சு ஊரெல்லாம் குடுத்திருக்கானே! ‘அங்க பாத்தேன்’னு வாயத் தொறந்தா அவன் மானம் கப்பலேறிடும். மூச்சு விட மாட்டான். அந்தப் போட்டோவ மட்டும் யார் கண்ணுலயும் காட்டாதீங்க, போதும்.”

“அப்படி ஒரு நாளே இல்லைனு கையெழுத்துப் போடச் சொல்றியா?”

“வேற வழி சொல்லுங்க, கேக்கறேன். இந்த வருஷம் நம்மகிட்ட ஒருத்தன் படகு கேக்கல. பட்டறைய மூடிட்டு அவன்கிட்டயே போய் நாம வேலைக்கு நிக்கறதா? அண்ணன் படகை அவன் பேருல நானே வாக்கறதா?” கொழுந்தனுக்குக் குரல் உடைந்தது. “எனக்கு மட்டும் அந்த நாள் வேணாமா அண்ணி?”

ஸ்கேலம்மா படிவத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

5

இப்போது என் தலைவலி.

அவருக்குத்தான் தேதியை மாற்றுவது கஷ்டம். எனக்கென்ன, நான் கதைக்காரன். கண்காட்சியை இருபது நாள் தள்ளிப்போட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? ஒரு மதியம் அப்படியே எழுதியும் பார்த்தேன். திடல் கிடைக்கத் தாமதம், ஆகவே கண்காட்சி தள்ளிப்போனது. விண்ணப்பம் ஒருநாள் முன்னதாகவே வந்து சேர்ந்தது. சான்றிதழ், சுபம், மூன்றே பக்கம்.

வீட்டுக்காரி வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். “அப்போ மழை?”

“மழைக்கென்ன?”

“இருபது நாள் கழிச்சு அதே நேரத்துக்கு அதே மழை வருமா? மழை வரலைன்னா அத்தனை பேரும் எதுக்கு அடியில போறாங்க? அவரு எதுக்குத் தோள்ல கை வெக்கறாரு?”

பழைய தேதியையே திரும்பப் போட்டேன்.

6

ஆகவே முடிவு இரண்டு. இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு. பொய்த் தேதி. சான்றிதழ் வருகிறது, கூலிங்கிளாஸ் அச்சை உடைக்க வேண்டியதாகிறது, பட்டறை பிழைக்கிறது. கொழுந்தன் புது அச்சு போடுகிறார். சில வருஷம் கழித்து அலமாரியை ஒழிக்கும்போது கொழுந்தனின் மகள் ஒரு புகைப்படத்தை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறாள். “பெரியம்மா, பெரியப்பா எவ்வளவு அழகா சிரிக்கிறாங்க! இது நம்ம படகுதானே?” வாசலில் ஒரு வாடிக்கையாளர் நிற்கிறார். ஸ்கேலம்மா சொல்கிறார், “இல்லடா. அது வேற யாரோட படகோ.”

இரண்டாம் முடிவு. மெய்த் தேதி. மேல்மாடி அதிகாரிகளிடமிருந்து ஒற்றை வரி மறுப்போடு விண்ணப்பம் திரும்புகிறது. பட்டறைக் கதவில் பூட்டு. ஊரில் உள்ள அத்தனை பேரும் அந்தப் படகை வார்க்கிறார்கள். பச்சை, நீலம், சிவப்பு. படகுத் துறைக்குப் போகும்போதெல்லாம் அவர் வளைவு அவர் முன்னால் போய்க்கொண்டிருக்கிறது, எதிலும் அவர் பெயர் இல்லை. சுவரில் மட்டும், தேதியோடு, அந்தப் படம்.

முதலாவதை வாசித்துவிட்டு வீட்டுக்காரி அழுதாள். இரண்டாவதை வாசித்துவிட்டு, “பாவம் அந்தக் கொழுந்தன்” என்றாள். இதில் எந்த முடிவு தேறியது என்று எனக்கு விளங்கவில்லை.

7

மூன்றாம் முறை தனியாக வந்தார். படிவம் முழுக்க நிரப்பியிருந்தது. எட்டாவது கட்டமும்தான்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு நடைமுறை உண்டு. முத்திரை குத்தும் முன், விண்ணப்பத்தில் எழுதியதை நாங்கள் உரக்கப் படிக்க வேண்டும். விண்ணப்பதாரர் ஒவ்வொன்றுக்கும் “ஆமாம்” சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அது சத்தியம் செய்த மாதிரி.

படித்தேன். நீளம், “ஆமாம்.” அகலம், “ஆமாம்.” வடிவமைத்தவர்கள் என்று அவர் பெயரும் கணவர் பெயருமாக இரண்டு இருந்தது; “ஆமாம்.” எட்டாவது கட்டத்தின் தேதியைப் படித்தேன்.

அந்தத் தேதி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சொல்ல மாட்டேன். எதைச் சொன்னாலும் நீங்கள் அவரை எடை போட உட்கார்ந்துவிடுவீர்கள். அந்த எடையைப் போட எனக்கும் யோக்கியதை இல்லை, உங்களுக்கும் இல்லை.

“ஆமாம்” என்று ஒரு குரல் வந்தது. எந்தக் குரல்? அழுத குரலா, விட்டு விடுதலையான குரலா, தோற்ற குரலா? தெரியாது. மணி நாலே முக்கால். நான் தலையைத் தூக்கவே இல்லை. காகிதத்தைப் பார்த்துப் படித்தேன், காகிதத்தைப் பார்த்தே முத்திரை குத்தினேன். நிமிர்ந்தபோது ஜன்னலுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

அதனால் இந்தாருங்கள், படிவம். என் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள், எட்டாவது கட்டத்தில் உங்களுக்குச் சரியென்று பட்ட தேதியை வைத்துப் படியுங்கள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். படிக்கும்போது அந்த அம்மாவின் முகத்தைப் பாருங்கள்.